ஊட்டியா, கோவையா, தனியாரா, வேலூரா? மலைப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். இடம் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

"நம்ம ஊட்டியிலேயே காலேஜ் வந்துடுச்சே சார், பேசாம அதையே முதல்ல போட்டுடலாமா?" நீட் முடிவு வந்து கவுன்சிலிங் தேதியும் அறிவித்துவிட்டால், பந்தலூரிலிருந்து கோத்தகிரி வரை பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவுகிறவன் என்ற முறையில் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் டான்டீ லைன் வீட்டிலிருந்து, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, வரும் பெண்ணுக்குப் பொருந்தும் பதில், குன்னூர் டவுனில் கடை வைத்திருப்பவரின் மகனுக்குப் பொருந்தாது.

இந்தக் கேள்வியே எழாத காலம் ஒன்று இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீட் வந்த பிறகு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப் பள்ளி மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். நீதிபதி கலையரசன் ஆணையம் அவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு பரிந்துரைத்தது. அரசு 7.5 சதவீதம் என்று முடிவு செய்து 2020இல் சட்டம் கொண்டுவந்தது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இன்று லைன் வீட்டுப் பிள்ளைக்கும் 'எந்தக் கல்லூரி' என்ற குழப்பம் வருகிறது என்றால் காரணம் இதுதான்.

எதை வைத்து எடை போடுவது?

கட்டணத்தைப் பார்க்காதீர்கள், கையிலிருந்து போகும் மொத்தப் பணத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நிறைய இடைவெளி உண்டு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர், எந்த மாதிரி நோயோடு வருகிறார்கள் என்பது. தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை முதலாண்டு அனாட்டமியில் தடுமாறினால் கைகொடுக்க யார் இருக்கிறார்கள் என்பது மூன்றாவது. படிப்பு முடிந்ததும் வேலைக்கும் மேற்படிப்புக்கும் என்ன வழி என்பது நான்காவது.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. அந்தக் கல்லூரி தன்னைச் சுற்றியிருக்கும் மக்களுக்கு என்ன செய்கிறது?

இது நல்லெண்ணம் சார்ந்த கேள்வி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மருத்துவக் கல்லூரியின் கல்வி, ஆராய்ச்சி, சேவை மூன்றும் அது இருக்கும் பகுதி மக்களின் முக்கிய உடல்நலத் தேவைகளை நோக்கி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1995இலேயே வரையறுத்துவிட்டது. பிறகு வந்தவர்கள் அதை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். மக்களின் தேவை என்ன என்று தெரிந்து பாடத்தில் சேர்ப்பது முதல் படி. அந்தத் தேவைக்கு ஏற்றபடி மாணவர்களைத் தயார் செய்வது இரண்டாவது படி. மக்களையே கூட உட்காரவைத்துத் திட்டமிட்டு, 'நீங்கள் உருவாக்கிய டாக்டர்கள் எங்கே போனார்கள்?' என்ற கேள்விக்குக் கணக்குக் காட்டுவது மூன்றாவது. நம் கல்லூரிகளில் பல முதல் படியில் நிற்கின்றன, சில இரண்டாவதில் ஒரு காலை வைத்திருக்கின்றன.

மலைப் பிள்ளைக்கு இது ஏன் முக்கியம்? நாளைக்கு அவள் மசினகுடியிலோ சேரம்பாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தால், எதிரே இருக்கும் பணியர் பழங்குடிப் பாட்டிக்கு இரத்தசோகை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, அது சத்துக் குறைவா, பரம்பரையாக வரும் அரிவாள் செல் நோயா என்று யோசிக்கத் தெரிய வேண்டும். எழுதிக் கொடுத்த மாத்திரையை அந்தப் பாட்டி ஏன் சாப்பிடவில்லை என்று கோபப்படாமல் கேட்கவும் தெரிய வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கும் கல்லூரியும் உண்டு, கொடுக்காத கல்லூரியும் உண்டு.

ஊட்டி: நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. 150 இடங்கள். 700 படுக்கைகள் கொண்ட புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் ஆயிரங்களில்தான்.

வெளியே தெரியாத செலவு? கூடலூர் பிள்ளைக்கே ஊட்டி 'பக்கம்' கிடையாது. 50 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவட்டம் ஏறி இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும், கோடை சீசனில் சுற்றுலா வண்டி நெரிசலிலும் நின்றுவிடும். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்ற கணக்கு ஊட்டி, லவ்டேல், கேத்தி சுற்றுவட்டாரத்துக்குத்தான் சரிப்படும். மற்றவர்களுக்கு ஹாஸ்டல்தான். அந்தக் குளிருக்கு ஸ்வெட்டர், கம்பளி, மழைக்கோட்டு என்று முதலாண்டில் ஒரு தொகை போகும்.

நோயாளிகள் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 7.35 லட்சம். சமவெளியின் பெரிய மருத்துவமனை வாசலில் வரும் கூட்டம் இங்கே வராது. பந்தலூர் பக்கத்தவர்கள் சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் போவதும் நமக்குத் தெரிந்ததுதான். புதிய மருத்துவமனை வந்த பிறகு இந்த ஓட்டம் எவ்வளவு மாறுகிறது என்பது இனிமேல் பார்க்க வேண்டியது.

ஐந்தாவது அளவுகோலில் ஊட்டி முதலில் நிற்க வேண்டும், இல்லையா? தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகள் வாழும் மாவட்டம் இது. தேயிலைத் தொழிலாளர்களும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரும் இங்கேதான். கிராமப்புறத்தில் டாக்டர்கள் நிலைத்து நிற்க வேண்டுமானால் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், கல்லூரியைப் பெருநகரத்துக்கு வெளியே வைக்க வேண்டும், பயிற்சியைக் கிராமத்தில் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இலும் 2021இலும் சொன்னது. இதில் இரண்டாவது இங்கே தானாகவே அமைந்துவிட்டது.

முதலாவதுதான் சிக்கல். ஊட்டிக் கல்லூரி என்றால் ஊட்டிப் பிள்ளைகளுக்கு என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டவாரி ஒதுக்கீடு எதுவும் கிடையாது. 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, மற்றதெல்லாம் மாநிலம் முழுவதற்குமான தரவரிசை. பழங்குடியினருக்கு 1 சதவீதம். அந்த ஒன்றிலும் சேலம், தர்மபுரி மலைகளின் பிள்ளைகளோடு நம் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் போட்டி போட வேண்டும். கட்டடம் மலையில் இருக்கிறது, சேர்க்கைக் கொள்கை சென்னையில் இருக்கிறது. ஜப்பானில் 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, சுமார் 9 ஆண்டுகள் சொந்த மாகாணத்தில் வேலை பார்த்தால் கல்விக் கடன் தள்ளுபடி என்று வைத்திருக்கிறது. பிலிப்பைன்ஸின் லெய்ட்டேயில் 1976இல் தொடங்கிய பள்ளி இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கிராமமே ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். அவர் முதலில் பேறுகாலச் செவிலியாகப் பயிற்சி பெற்று, ஊரில் வேலை பார்த்து, பிறகு நர்ஸாகி, கடைசியில் டாக்டராகலாம். இங்கே அப்படி ஒன்று வரும் என்று நான் காத்திருக்கவில்லை. ஊட்டிக் கல்லூரியை 'நம்ம காலேஜ்' என்று சொல்லும்போது எதுவரை அது நம்முடையது என்று தெரிந்திருந்தால் நல்லது.

பயிற்சி எப்படி? 2021-22 அணியிலிருந்து 'குடும்பத் தத்தெடுப்பு' நாடு முழுக்கக் கட்டாயம். ஒவ்வொரு மாணவரும் குறைந்தது மூன்று குடும்பங்களைப் படிப்புக் காலம் முழுக்கத் தொடர்ந்து பார்க்க வேண்டும். காகிதத்தில் அருமை. தேயிலைப் பகுதியில் காலை 11 மணிக்குக் கல்லூரி பஸ் வந்து நின்றால் என்ன ஆகும்? பறிக்கப் போன பெண்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். வரிசையாகப் பூட்டு தொங்கும். வெயில் காயும் ஒரு பாட்டியைப் பிடித்து நாலைந்து பேர் மாற்றி மாற்றி பிரஷர் பார்ப்பார்கள், படிவத்தை நிரப்புவார்கள், பனி இறங்கும் முன் பஸ் கிளம்பிவிடும். அதே வருகையைப் பறிப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கோ, இலை எடை போட்டு முடியும் மாலை நேரத்துக்கோ மாற்றினால் மொத்தக் கதையும் மாறும். எந்தக் கல்லூரியைப் பற்றியும் சீனியரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: 'உங்கள் தத்துக் குடும்பத்தில் எல்லோர் பேரும் தெரியுமா?' பதில் வரும் வேகத்திலேயே விஷயம் புரிந்துவிடும்.

புதிய கல்லூரி என்பதால் பழைய மாணவர் படை இல்லை. மலைக்கு மாற்றலாகி வரும் பேராசிரியர்கள் சமவெளிக்குத் திரும்ப நினைப்பதும் இயல்பு. உங்கள் ஆண்டில் எந்தத் துறையில் ஆள் இருக்கிறார்கள் என்பதை நேரில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோவை, சென்னை: பழைய பெரிய அரசுக் கல்லூரிகள்

சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது. கோவை 1966. இவற்றின் பலம் கூட்டம்தான். நீலகிரியில் கை வைக்க முடியாத கேஸ் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குத்தான் இறங்குகிறது. கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் மலை மக்களின் மோசமான நோய்களைப் பார்க்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது. தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது, விஷக்கடி, விபத்து என்று ஹவுஸ் சர்ஜன் எனும் கடைசிப் பயிற்சி ஆண்டில் கை பழகிவிடும். தனியாக ஒரு சுகாதார நிலையத்தில் உட்காரப் போகிறவளுக்கு இது பெரிய சொத்து.

தமிழ் வழிப் பிள்ளைக்கும் பழைய கல்லூரிதான் ஆறுதல். அரசுப் பள்ளியிலிருந்து வந்த சீனியர்கள் இருப்பார்கள், பழைய புத்தகம் கைமாறும், அனாட்டமியைத் தமிழில் சொல்லிக் கொடுக்க ஒரு அண்ணனோ அக்காவோ கிடைப்பார்கள். கூச்சப்பட்டு வகுப்பின் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளையை எழுப்பி முன்னே உட்காரவைப்பது பெரும்பாலும் இவர்கள்தான்.

மறைந்திருக்கும் செலவு, நகரம். ஹாஸ்டலில் இடம் இல்லையென்றால் வெளியே அறை எடுக்க வேண்டும், அதற்கு அட்வான்ஸ். ஒருநாள் லீவுக்கு வீட்டுக்கு வந்து போக முடியாது. சென்னை என்றால் பொங்கல், தீபாவளிக்கு மட்டும்தான் மகளைப் பார்ப்பீர்கள். ஐந்தாவது அளவுகோலில் இவை சுமார்தான். அவ்வளவு கூட்டத்தில் ஒரு நோயாளி எந்த ஊர், என்ன வேலை, திரும்பப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. 'ஏன் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?' என்று கேட்பார்கள். காரமடை தாண்டி மலைப்பக்கம் வந்திராதவருக்கு அதற்கான பதில் புரியவும் புரியாது.

தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம்

7.5 சதவீதத்தில் வருபவர்களுக்குத் தனியார் கல்லூரியிலும் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதனால்தான் 'அரசுக் கல்லூரி கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை' என்று தைரியமாகப் போடலாம். இந்த ஒதுக்கீடு இல்லாமல் அரசு இடத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல். மேனேஜ்மென்ட் இடம் என்றால் 10 லட்சத்தையும் தாண்டும். அந்தப் பேச்சு தேயிலைக்காரர் வீட்டில் வேண்டாம்.

அரசு கட்டினாலும் சில்லறைச் செலவு துரத்தும். பஸ் கட்டணம், சீருடை, ஆய்வகப் பொருள், கல்லூரி விழா, டெபாசிட் என்று பல பெயரில் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் சேர்க்கை அன்றே ரசீது இல்லாமல் பணம் கேட்டார்கள். ரசீது கொடுங்கள் என்று மாணவியின் அப்பா கேட்டதும் பேச்சு மாறியது. எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழுவுக்கு மனு போடுங்கள். ஹவுஸ் சர்ஜன் உதவித்தொகையும் சில இடங்களில் பெயரளவுக்குத்தான், சேரும் முன்பே விசாரியுங்கள்.

வகுப்புத் தோழர்களுடைய வீட்டு வசதியும் பேச்சு மொழியும் வேறு. பிள்ளையின் மனம் இதைத் தாங்குமா என்று உங்களுக்குத்தான் தெரியும். நோயாளிகள் எண்ணிக்கை கல்லூரிக்குக் கல்லூரி மாறும், வெளிநோயாளர் பிரிவில் காலை 10 மணிக்கு ஒருமுறை நடந்து பார்த்தாலே போதும்.

வேலூர் சி.எம்.சி.

1900இல் ஐடா ஸ்கடர் சின்னதாகத் தொடங்கியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1942இல் எம்.பி.பி.எஸ். கட்டணம் மிகக் குறைவு. முதலாண்டிலேயே மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்கிறார்கள். கே.வி. குப்பத்தில் 1977 முதல் ருசா என்ற ஊரகத் திட்டம் நடக்கிறது. இரண்டாவது படியில் உறுதியாக நிற்கும் கல்லூரி என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் வாசல் குறுகல். பெரும்பாலான இடங்கள் கிறிஸ்தவச் சபைகளின் வழியாக நிரப்பப்படுகின்றன. அப்படிச் சேர்ந்தால் படிப்பு முடிந்ததும் 2 ஆண்டுகள் சபை காட்டும் மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். வீட்டில் சம்பளத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டு நீளமாகத் தெரியும். அதேசமயம் சின்ன மருத்துவமனையில் எல்லாவற்றையும் கையால் செய்து பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. சபைத் தொடர்பு உள்ள குடும்பம் என்றால் பிளஸ் ஒன்னிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.

ஒரே பார்வையில்

| | ஊட்டி | கோவை / சென்னை | தனியார் (7.5%) | வேலூர் |
|---|---|---|---|---|
| கட்டணம் | குறைவு | குறைவு | அரசு கட்டுகிறது | மிகக் குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | குளிர் உடை, மலைப்பாதைப் பயணம் | அறை வாடகை, நகரச் செலவு | பல பெயரில் சில்லறைக் கட்டணம் | 2 ஆண்டு பணிக் கடமை |
| நோயாளிகள் | நடுத்தரம், மலைக்கே உரியது | மிக அதிகம் | இடத்துக்கு இடம் மாறும் | அதிகம், நல்ல மேற்பார்வை |
| சீனியர் துணை | இப்போதுதான் உருவாகிறது | வலுவானது | குறைவு | வலுவானது |
| சுற்றுப்புற மக்களோடு உறவு | வாய்ப்பு அதிகம், செயலில் பார்க்க வேண்டும் | குறைவு | விசாரிக்க வேண்டும் | பல தலைமுறைப் பழக்கம் |

யாருக்கு எது?

தமிழ் வழியில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு மதிப்பெண் இடம் கொடுத்தால் கோவையை முதலில் போடுவேன், ஊட்டியை இரண்டாவதாக. ஊர்ப்பற்று குறைந்து சொல்லவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் தேறிவிட வேண்டும், அதற்கு சீனியர்களும் கூட்டமும் வேண்டும். அங்கே படித்துவிட்டு மலைக்குத் திரும்ப எந்தத் தடையும் இல்லை.

வயதான பெற்றோரையோ நோயாளித் தம்பியையோ பார்த்துக்கொள்ள வேண்டிய பெண், ஊட்டி சுற்றுவட்டாரத்திலேயே வீடு இருப்பவர், குறும்பர் அல்லது பணியர் மொழி பேசுபவர் என்றால் ஊட்டிதான். கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். வார்டில் ஒரு பாட்டியின் பேச்சைப் பேராசிரியருக்கு எடுத்துச் சொல்ல முடிகிற மாணவி அந்தக் கல்லூரிக்கே பாடம் நடத்துகிறாள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு இதைக் கல்லூரி எதுவும் வருவதற்கு முன்பே செய்து காட்டிவிட்டது. ஆதிவாசிப் பெண்களையே நர்ஸுகளாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்து, 1990 முதல் மருத்துவமனை நடத்துகிறார்கள். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், விருப்பப் பயிற்சிக் காலத்தை இப்படி ஒரு இடத்தில் கழிக்க அனுமதி தருவார்களா என்று கேட்டு வையுங்கள்.

அரசுக் கல்லூரி எதுவும் கிடைக்காமல் ஓராண்டு மறுபடி நீட் எழுதலாமா, தனியாரில் சேரலாமா என்றால், 7.5இல் இருப்பவர் சேர்ந்துவிடுவதே மேல்.

பெற்றோர் இன்னொன்றும் கேட்பார்கள்: 'அரசு செலவில் படிச்சா மலையிலதான் வேலை பார்க்கணுமா?' இளநிலைப் படிப்புக்கு 7.5 ஒதுக்கீடு அப்படி ஒரு நிபந்தனை போடவில்லை. போடக் கூடாது என்பதுதான் என் கட்சியும். பணம் கட்டிச் சேர்ந்தவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தேயிலைத் தொழிலாளி மகள் மட்டும் சேவை செய்து கடன் தீர்க்க வேண்டும் என்பது என்ன நியாயம்? ஆனால் கணக்காகப் பார்த்தாலும் மலை வேலை மோசமில்லை. தமிழ்நாட்டில் முதுநிலைப் படிப்பின் மாநில இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. கடினமான பகுதிகளில் பணியாற்றினால் ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டு இருந்துவிட்டு எம்.டி. போகிறவர்கள் நிறைய.

படிவம் நிரப்பும் முன்

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் 7.5 ஒதுக்கீடு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும் இதில் வரும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு மாறியவர்களும் தகுதி. அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. நீலகிரியில் இது பலரைக் கவிழ்த்துவிடுகிறது, நம் ஊரின் பழைய மிஷன் பள்ளிகள் பல உதவி பெறும் பள்ளிகள். ஐந்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இப்போதே தெரிந்தால் நல்லது.

பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தாசில்தார் கையில் இல்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். பிளஸ் ஒன் சேர்ந்ததும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.